தேம்ஸின் தென்கரையில் இரண்டு நாள்: லண்டனுக்குப் புதிதாகச் செல்வோருக்கு ஒரு பயணத் திட்டம்

லண்டனுக்கு முதன்முறையாக, அதுவும் இரண்டே நாள் அவகாசத்தில் செல்பவர்கள் பெரும்பாலும் ஊரின் நான்கு மூலைகளிலும் உள்ள புகழ்பெற்ற இடங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, சுரங்க ரயிலில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பாதிப் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். கலையையும் வரலாற்றையும் தேடிச் செல்பவர் என்றால், அந்தப் பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தேம்ஸ் ஆற்றின் தென்கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து டவர் பாலம் வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் நடந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தொலைவுக்குள் நாடக அரங்குகள், இசை அரங்கு, நவீனக் கலைக்கூடம், பேராலயம், பழைய சந்தை என்று இத்தனையும் ஒன்றையொன்று தொட்டாற்போல் அமைந்திருப்பதால், நின்று பார்க்கும் பொறுமை உள்ளவருக்கு இரண்டு நாளும் போதாது.

வரைபடத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வரைபடத்தை விரித்து, மேற்கிலிருந்து கிழக்காகப் பாலங்களின் பெயர்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: வெஸ்ட்மின்ஸ்டர், ஹங்கர்ஃபோர்டு, வாட்டர்லூ, பிளாக்ஃபிரையர்ஸ், மில்லேனியம், சதர்க், லண்டன் பாலம், டவர் பாலம். இடையில் இரண்டு ரயில் பாலங்களும் உண்டு. இந்த வரிசை நினைவில் இருந்தால் கைபேசியைப் பார்க்காமலேயே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு சிறு குழப்பத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் ஆறு வடக்கு நோக்கி ஓடி, வாட்டர்லூ அருகே கிழக்காகத் திரும்புகிறது; அதனால் பெயர்தான் தென்கரையே தவிர, தொடக்கப் பகுதி உண்மையில் ஆற்றின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. மாலைச் சூரியன் எதிர்க்கரை நாடாளுமன்றத்துக்குப் பின்னால் இறங்குவதற்குக் காரணம் இந்த வளைவுதான்.

இந்தக் கரையில் இத்தனை அரங்குகள் ஏன் குவிந்தன என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால், பார்ப்பதெல்லாம் கோவையாகப் புரியும். 16ஆம் நூற்றாண்டில் லண்டன் நகர நிர்வாகம் நாடகங்களை விரும்பவில்லை. பொது நாடகக் கொட்டகைகளுக்கு நகர எல்லைக்குள் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆற்றைக் கடந்தால் வின்செஸ்டர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட 'கிளிங்க்' என்ற தனி எல்லை. நகரத்தாரின் ஆணை அங்கே செல்லாது. எனவே 1587இல் ரோஸ் அரங்கமும், 1599இல் குளோப் அரங்கமும் இங்கே எழுந்தன. கரடியை நாய்களோடு மோதவிடும் களங்களும், விலைமாதர் இல்லங்களும், சிறையும் அவற்றுக்கு அக்கம்பக்கமாக இருந்தன. நகரத்துக்குள் 1750இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கப்படும் வரை ஆற்றைக் கடக்க லண்டன் பாலம் ஒன்றே இருந்ததால், நாடகம் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் படகில்தான் வந்தார்கள். நகரம் ஏற்க மறுத்தவற்றுக்கெல்லாம் இடம் கொடுத்த கரை என்று இதைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு நாளில் நீங்கள் காணப்போகும் பலவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

எந்த நாட்கள், எந்தப் பருவம்

திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், வழியில் உள்ள பழைய பரோ சந்தைக்கு அன்று விடுமுறை. சனிக்கிழமை நடைபாதையில் கூட்டம் நெரியும். வியாழனும் வெள்ளியும் எடுத்துக்கொள்ள முடிந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. முடியாவிட்டால் வெள்ளி, சனி. குளோப் அரங்கின் திறந்தவெளி நாடகங்கள் வசந்தத்தின் பிற்பகுதியில் தொடங்கி இலையுதிர் காலத் தொடக்கம் வரைதான் நடைபெறும். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் செல்பவர்கள் நடையை முற்பகலிலும், கட்டிடங்களுக்குள் பார்க்க வேண்டியவற்றைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் பிரிட்டனுக்குப் பார்வையாளர் விசா பெற வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உடையவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா பெறத் தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி முதல் 'ஈ.டி.ஏ.' எனப்படும் மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படும் முன்பே பெற்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் பிரிட்டன் அரசின் இணையதளத்திலேயே நேரடியாக விண்ணப்பிக்கலாம். இடைத்தரகுத் தளங்களுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

முதலில் ஒரு மாலையைப் பதிவு செய்யுங்கள்

திட்டமிடுதலில் பலர் செய்யும் பிழை, பகலை எல்லாம் நிரப்பிவிட்டு, மாலையை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவது. நான் சொல்வது இதற்கு நேர்மாறானது. இந்தக் கரை நிகழ்கலைக்காகவே வாழும் இடம். ஆகவே விமானச் சீட்டு உறுதியானதும் அடுத்து நீங்கள் வாங்க வேண்டியது ஒரு நாடகத்துக்கோ கச்சேரிக்கோ உரிய நுழைவுச்சீட்டு. மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்கிக்கொள்ளலாம். சீட்டை அந்தந்த அரங்கின் சொந்த இணையதளத்திலேயே வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் கூடுதல் கட்டணம் சேரும்.

தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் உள்ளன. ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் பெரிய இசைக்குழுக்களின் கச்சேரிகள் நடைபெறும். ஆங்கிலம் சரளமாகப் புரியாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இதையே பரிந்துரைப்பேன். நேஷனல் தியேட்டரில் ஒரே கூரையின் கீழ் மூன்று அரங்குகள் இருப்பதால் பழையதும் புதியதுமாக நாடகங்கள் கிடைக்கும். மூன்றாவது, குளோப். கோடைப் பருவத்தில் சென்றால், கால் வலுவும் இருந்தால், குளோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய குளோப் பழைய கட்டிடம் அன்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அரங்கேறிய முதல் குளோப், 1613 ஜூன் 29 அன்று நாடகத்தின் நடுவே சுட்ட பீரங்கியின் பொறி கூரை வேய்ந்த புல்லில் பற்றி எரிந்து போனது. மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்டு, தூய்மைவாதிகளின் ஆட்சியில் 1642இல் மூடப்பட்டது. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர், அதை மீண்டும் எழுப்புவதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்டு, பணி முடிவதைப் பார்க்காமலேயே 1993இல் காலமானார். பழைய இடத்திலிருந்து சிறிது தொலைவில் 1997இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் புல்லால் கூரை வேய அனுமதி பெற்ற முதல் கட்டிடம் இதுதான்.

இங்கே மிக மலிவான சீட்டு, மேடைக்கு முன்னால் உள்ள முற்றத்தில் நின்று பார்ப்பதற்கானது. ஏறத்தாழ 700 பேர் நிற்கும் அந்த முற்றத்துக்குக் கூரை கிடையாது. மழை பெய்தாலும் நாடகம் நிற்காது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும் என்பதால் குடை பிடிக்க அனுமதி இல்லை. ஆகவே தலைமூடி உள்ள மழைக்கோட்டும், நாள் முழுக்க நடக்கக்கூடிய காலணியும் கட்டாயம். நாடகம் நடக்கும்போது தரையில் அமரவும் விடமாட்டார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிற்க முடியுமா என்று உங்களை நீங்களே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்; முடியாதென்றால் மாடத்தில் மரப்பலகை இருக்கைக்கு வாங்கி, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும் மெத்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்க முடிந்தவர்கள் சற்று முன்னதாகவே போய் மேடையின் விளிம்பை ஒட்டி இடம் பிடித்தால், அதில் கையூன்றிக்கொள்ளலாம். நடிகர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே வசனம் பேசுவார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உங்கள் தோளை உரசியபடி மேடைக்கு ஏறுவார்கள். பகல் காட்சியானால் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே வெளிச்சம்தான்.

ஷேக்ஸ்பியரின் ஆங்கிலம் ஆங்கிலேயர்களுக்கே கடினம். ஆகையால் போகும் முன் கதைச் சுருக்கத்தைத் தமிழிலாவது படித்து, பாத்திரங்களின் உறவுமுறையைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள்; அரை மணி நேர முயற்சிதான், பலன் பெரியது. குளிர்காலத்தில் செல்பவர்களுக்கு அதே வளாகத்தில், மெழுகுவத்தி ஒளியில் நாடகம் நடத்தும் ஒரு சிறிய உள்ளரங்கம் இருக்கிறது. 2014இல் திறக்கப்பட்ட அதற்கு வானமேக்கரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

தங்குவதும் போய்வருவதும்

வாட்டர்லூ, சதர்க், லண்டன் பிரிட்ஜ் ஆகிய நிலையங்களில் ஒன்றிலிருந்து நடக்கும் தொலைவில் அறை எடுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர், வாட்டர்லூ, சதர்க், லண்டன் பிரிட்ஜ் ஆகிய நான்கும் சுரங்க ரயிலின் ஜூபிலி தடத்தில் அடுத்தடுத்த நிறுத்தங்கள். நான்கிலும் படியேறாமல் மின்தூக்கியிலேயே சென்று வரலாம். நடுவழியில் குழந்தையோ பெரியவரோ களைத்துவிட்டால் இந்தத் தடம் கைகொடுக்கும். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து எலிசபெத் தடத்தில் பாண்ட் ஸ்ட்ரீட் வந்து ஜூபிலிக்கு மாறலாம். கேட்விக்கிலிருந்து லண்டன் பிரிட்ஜுக்கு நேரடி ரயிலே உண்டு.

தனியாகப் பயண அட்டை வாங்கத் தேவையில்லை; 'கான்டாக்ட்லெஸ்' வசதி உள்ள வங்கி அட்டையே போதும். ஒருவருக்கு ஓர் அட்டை என்பதும், உள்ளே நுழையும்போது தொட்ட அதே அட்டையையோ கைபேசியையோ வெளியேறும்போதும் தொட வேண்டும் என்பதும் முக்கியம். நுழைய அட்டையையும் வெளியேறக் கைபேசியையும் தொட்டால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கைச் சேர்ந்தவையாக இருந்தாலும், இரண்டு முழுமையடையாத பயணங்களாகக் கணக்கிட்டு அதிகபட்சக் கட்டணத்தை எடுத்துவிடும். பேருந்தில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும், ரொக்கம் வாங்கமாட்டார்கள்.

முதல் நாள்: வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து பேங்க்சைடு வரை

காலை 9 மணிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் தென்கரை முனையில் தொடங்குங்கள். எல்லோரும் இடப்பக்கம் 'லண்டன் ஐ' என்ற சுழல்சக்கரத்தை நோக்கிப் போவார்கள். நீங்கள் முதலில் எதிர்த்திசையில், மருத்துவமனையை ஒட்டிய கரைப்பாதையில் சிறிது தூரம் நடந்துவிட்டு வாருங்கள். கொரோனாவில் இறந்தவர்களுக்காக 2021 மார்ச்சில் தன்னார்வலர்கள் வரையத் தொடங்கிய சிவப்பு இதயங்கள் அந்த நீண்ட மதிலை நிறைத்திருக்கின்றன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. பலவற்றுக்குள் பெயரும் தேதியும் எழுதியிருப்பார்கள். வெயிலில் வண்ணம் வெளுத்து எழுத்துகள் மங்கிவிடுவதால், தன்னார்வலர்கள் தொடர்ந்து வந்து மீண்டும் வண்ணம் பூசுகிறார்கள். இதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆற்றங்கரை வேறொரு கனத்தோடு தெரியும்.

பிறகு திரும்பி, சுழல்சக்கரத்தைத் தாண்டி நடந்தால் ராயல் ஃபெஸ்டிவல் ஹால். போரில் சிதைந்த நகரத்துக்கு ஊக்கமூட்ட 1951இல் நடத்திய பிரிட்டன் விழாவுக்காகக் கட்டியது; விழாவின் மற்ற கட்டிடங்கள் அகற்றப்பட்டுவிட, இது மட்டும் நிலைத்தது. சீட்டு இல்லாமலேயே முன்கூடங்களுக்குள் செல்லலாம், அமரலாம், கழிப்பறையைப் பயன்படுத்தலாம். ஐந்தாம் தளத்தில் உள்ள தேசியக் கவிதை நூலகத்தைப் பலரும் அறிவதில்லை. நுழைவு இலவசம், ஆனால் திறக்கும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால், பக்கத்திலுள்ள குவீன் எலிசபெத் ஹாலின் அடித்தளத் தூண்களுக்கு நடுவே இளைஞர்கள் சறுக்குப்பலகையில் பாய்ந்துகொண்டிருப்பார்கள். 1970களிலிருந்து அது அவர்களுடைய இடம். மறுகட்டமைப்புக்காக அவர்களை இடம்பெயர்க்கும் திட்டம் வந்தபோது போராடி, 2014இல் வென்றார்கள்.

வாட்டர்லூ பாலத்தின் அடியில் பழைய புத்தகக் கடைகள் மேசை விரித்திருக்கும். அங்கே அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு, அடுத்துள்ள நேஷனல் தியேட்டரின் சுவருக்கு மிக அருகில் போய் நில்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கான்கிரீட் குவியல். 1976இல் திறந்த நாளிலிருந்து இதை வெறுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு முழம் தூரத்தில் நின்றால் சுவர் முழுக்க மரத்தின் ரேகைகள் தெரியும். கலவையைக் கரடுமுரடான மரப்பலகைகளுக்கு நடுவே ஊற்றி இறுகவிட்டிருக்கிறார்கள். பலகைகளை எடுத்த பிறகும் ஒவ்வொன்றின் நரம்பும் முடிச்சும் அப்படியே பதிந்து நிற்கின்றன. விரலால் தடவிப் பாருங்கள். கட்டிடக் கலைஞர் டெனிஸ் லாஸ்டன் இந்தச் சுவருக்குக் கொடுத்த அக்கறை அப்போதுதான் புரியும். அதன்பிறகு இந்தக் கட்டிடத்தை அருவருப்பானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து வரும் தோட்டமும் சிறு கடைகளும் தற்செயலாக அமைந்தவை அல்ல. 1970களில் இங்கே உயரமான விடுதியும் அலுவலகங்களும் கட்டும் திட்டம் எழுந்தபோது, குடியிருந்த சாதாரண மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் உருவாக்கிய காயின் ஸ்ட்ரீட் அமைப்பு 1984இல் 13 ஏக்கர் நிலத்தை வாங்கி, கூட்டுறவு வீடுகளும் ஆற்றங்கரைப் பூங்காவும் அமைத்தது. நீங்கள் தடையின்றி நடக்கும் பாதையில் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது. பக்கத்திலுள்ள ஆக்ஸோ கோபுரத்தில் வட்டம், பெருக்கல் குறி, வட்டம் என்ற வடிவில் சன்னல்கள் இருப்பதைக் கவனியுங்கள். விளம்பரப் பலகைக்கு அனுமதி கிடைக்காததால், இறைச்சிச் சாறுக் கட்டி விற்ற அந்த நிறுவனம் தன் பெயரைச் சன்னலாகவே கட்டிவிட்டது.

பிற்பகல் முழுவதும் பேங்க்சைடு பகுதியில் உள்ள டேட் மாடர்னுக்கு. 1981இல் மூடப்பட்ட மின் நிலையத்தை மாற்றியமைத்து 2000ஆம் ஆண்டு திறந்த கலைக்கூடம் இது. நிரந்தரச் சேகரிப்பைக் காண இலவசம்; சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே கட்டணம். ஆற்றுப் பக்க வாயிலை விட்டுவிட்டு, மேற்குப் பக்கச் சரிவு வழியாக இறங்குங்கள். ஒரு காலத்தில் மின்னாக்கிகள் உறுமிய, 150 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள கூடம் அப்படியே முன்னால் விரியும். எல்லா அறைகளையும் பார்க்க முயலாதீர்கள். நவீன ஓவியம் பழக்கமில்லாதவர்கள் ஒரு தளத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பிடித்த ஐந்து படைப்புகளின் முன் ஐந்து நிமிடமாவது நிற்பது என்று வைத்துக்கொண்டால், தலைவலி வராது. ஏதேனும் இரண்டு படைப்புகள் வீடுவரை கூடவே வரும்.

மாலைக் காட்சிக்கு முன் மில்லேனியம் நடைபாலத்தில் பாதி வரை சென்று திரும்புங்கள். 2000 ஜூன் 10 அன்று திறந்தபோது இது பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது; ஆட்டத்துக்கேற்ப மக்கள் தம்மையறியாமல் ஒரே சீராக அடியெடுத்து வைக்க, ஆட்டம் மேலும் கூடியது. இரண்டே நாளில் மூடி, அதிர்வுத் தணிப்பான்களைப் பொருத்தி, 2002 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். பாலத்தின் நடுவில் நின்றால் ஒருபுறம் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம், மறுபுறம் மின் நிலையத்தின் 99 மீட்டர் புகைபோக்கி. குவிமாடத்தை மிஞ்சக்கூடாது என்பதற்காகவே புகைபோக்கியின் உயரத்தை அந்த அளவில் நிறுத்தினார்கள்.

இரண்டாம் நாள்: சந்துகளும் சந்தையும்

இரண்டாம் நாள் தொலைவு குறைவு, நின்று பார்ப்பது அதிகம். குளோப்புக்கு அருகில் பேர் கார்டன்ஸ் என்ற சந்து இருக்கிறது. கரடிக் களம் இருந்ததால் வந்த பெயர். அங்கே ஒரு கட்டிடச் சுவரில் பதித்த சிறிய கல் இருக்கை உண்டு. ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டிகள் சவாரிக்குக் காத்து உட்கார்ந்த இருக்கை என்று அருகிலுள்ள பலகை சொல்கிறது. ஒரு மனிதர் ஒடுங்கி அமரும் அளவுதான் இடம். பலர் பார்க்காமலேயே கடந்துவிடுகிறார்கள்.

கிளிங்க் தெருவில் வின்செஸ்டர் ஆயர் மாளிகையின் ஒற்றைச் சுவர், பூ வடிவ சன்னலோடு நிற்கிறது. இந்த எல்லையின் அதிபதியாக இருந்து, விலைமாதர் இல்லங்களுக்கு அனுமதி அளித்து வருவாய் பெற்ற ஆயர்களின் மாளிகை இது. அந்தப் பெண்கள் இறந்தபோது தேவாலய நிலத்தில் இடம் மறுக்கப்பட்டு, சற்றுத் தள்ளி ரெட்கிராஸ் வேயில் உள்ள கிராஸ்போன்ஸ் என்ற இடுகாட்டில் புதைக்கப்பட்டதாக நம்பப்படுகிறது. அதன் இரும்புக் கதவில் மக்கள் இன்றும் ரிப்பன்களையும் மலர்களையும் கட்டிச் செல்கிறார்கள். மாளிகைச் சுவரையும் இந்தக் கதவையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்; ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிக் கதைதான்.

சதர்க் பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். ஷேக்ஸ்பியரின் தம்பி எட்மண்ட் 1607இல் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயர் பொறித்த கல் தரையில் இருக்கிறது. நான் அதிக நேரம் நின்றது, 1408இல் காலமான கவிஞர் ஜான் கோவரின் கல்லறை முன்னால். வண்ணம் பூசிய அவருடைய சிலை, தன் மூன்று நூல்களைத் தலையணையாக அடுக்கிப் படுத்திருக்கிறது. ஒன்று பிரெஞ்சில், ஒன்று லத்தீனில், ஒன்று ஆங்கிலத்தில் எழுதியது. மாலை வழிபாட்டு நேரத்தில் பாடகர் குழுவின் பாடலை எந்தச் சமயத்தவரும் அமைதியாக அமர்ந்து கேட்கலாம். நேரத்தை ஆலயத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரோ சந்தை ஆலயத்தை ஒட்டியே இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் வியாபாரிகள் பேசக்கூட நேரம் ஒதுக்குவார்கள். நண்பகலுக்குப் பிறகு தோளோடு தோள் இடிக்கும். அங்கிருந்து பரோ ஹை தெருவில் சிறிது நடந்தால், 1676ஆம் ஆண்டுத் தீக்குப் பின் மீண்டும் கட்டிய ஜார்ஜ் விடுதி. லண்டனில் எஞ்சியுள்ள ஒரே மாடத் தாழ்வார விடுதி இது; முற்றத்தில் நின்று மேல்தளத் தாழ்வாரங்களைப் பார்த்தால், நேற்று குளோப்பில் பார்த்த முற்றமும் மாடமும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

ஆற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேம்ஸ் இங்கே கடலின் ஓதத்துக்கு உட்பட்டது. நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீர்மட்டத்தின் வேறுபாடு 7 மீட்டர் வரை போகும். லண்டன் துறைமுக ஆணையத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் வற்றும் நேரத்தில் ஒருமுறையும் பெருகும் நேரத்தில் ஒருமுறையும் கரையில் இருக்கும்படி அமைத்துக்கொண்டால் இரண்டு வேறு ஆறுகளைப் பார்க்கலாம். படிக்கட்டு திறந்திருக்கிறதே என்று சேற்றுக்கரையில் இறங்கிவிடாதீர்கள். நீர் ஏறும் வேகத்தில் திரும்பும் வழி மறைந்துவிடும். மண்ணைக் கிளறிப் பழம்பொருள் தேடுவதற்கு உரிமம் வேண்டும். கண்ணில் பட்டதை எடுப்பதும் அதில் அடங்கும்.

கடைசியாக டவர் பாலம். 1894இல் திறந்த இந்தப் பாலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 முறை கப்பல்களுக்காகத் தூக்கப்படுகிறது; நாளும் நேரமும் அதன் இணையதளத்தில் முன்கூட்டியே வெளியாகும். புறப்படும் நாளில் ஒரு நேரம் பொருந்தினால், பாலத்தின் மேலே போகாமல், தென்கரையில் உள்ள பாட்டர்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவில் கால் மணி நேரம் முன்பே நின்றுகொள்ளுங்கள். மணி ஒலித்து வாகனங்கள் நின்றதும், சாலை நடுவில் பிளந்து இரு பக்கமும் எழும். கப்பல் கடந்த சில நிமிடங்களில் மீண்டும் ஒன்றுசேரும். அங்கிருந்து லண்டன் பிரிட்ஜ் நிலையத்துக்குப் பையைச் சுமந்துகொண்டு நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.